வகுபடாதது

...போட மாட்டேன் என்றால் போட மாட்டேன்தான், அதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெரிய டாக்டர் அந்தத் தாளை என் பக்கமாகத் தள்ளிவிட்டுப் பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தாரே, மூடியைக் கழற்றிக் கொடுத்தால் கை தானாகப் போட்டுவிடும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, 'பெற்றுக்கொண்ட பிளாக்கைக் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன்', ஒரே வரி, கீழே என் பெயருக்கு ஒரு கோடு, யார் உட்கார்ந்து அடித்தார்களோ, கவனக்குறைவாம், எனக்காம்... பத்தொன்பது வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பிளாக் அறையைப் பார்த்துக்கொள்கிறேன், ஒன்று தொலைந்ததுண்டா, ஒரே ஒன்று? பன்னிரண்டு மணிக்குள் வந்து சொல்லுங்க என்றார், இப்போது பதினொன்று ஐந்து, மூன்றாம் மாடியிலிருந்து அடித்தளத்துக்கு எண்பத்து நான்கு படி, எண்பத்து நான்கு தாராளமான எண், இரண்டு கேட்டாலும் கொடுக்கும், ஏழு கேட்டாலும் கொடுக்கும், பன்னிரண்டு கேட்டாலும் மீதி வைக்காமல் கொடுக்கும். லிஃப்டில் போகலாம்தான், லிஃப்டில் நாலு பேர் இருப்பார்கள், நாலு பேரும் வாயைத் திறக்காமலே என்னாச்சு என்று கேட்பார்கள், வேண்டாம், படியிலேயே இறங்குகிறேன்.

பிளாக் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை, பார்க்கிறவர்களுக்கு, உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துளி சதையை மெழுகில் புதைத்துத் தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் பெட்டியில் உறைய வைத்திருப்பார்கள், அதன் சரிந்த விளிம்பில் எட்டு இலக்க எண், பென்சிலால், ஏனென்றால் மை மருந்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. பெயரெல்லாம் மேல்மாடியோடு சரி, எங்கள் அறைக்கு எண் மட்டும்தான் வரும், யாருடைய கழுத்து, யாருடைய வயிறு, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நான் ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் இன்றைக்குத் தெரிந்துவிட்டது, தொலைந்ததாகச் சொல்லப்படும் 73939313 ஒரு பெண்ணுடைய கழுத்து, அவளுக்கு வைத்தியம் ஆரம்பிக்கும் முன்னால் வேறொரு ஆஸ்பத்திரியில் இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டுமாம், அதற்கு அந்த பிளாக்கே வேண்டுமாம், இல்லாவிட்டால் மறுபடியும் கழுத்தைத் திறந்து வெட்டியெடுக்க வேண்டும், ரத்தக் குழாயை ஒட்டிய இடம், முதல் தடவையே பயந்து பயந்துதான் எடுத்தோம் என்று டாக்டர் சொல்கிறார். அவளுடைய தங்கை காலை எட்டு மணியிலிருந்து கீழே கவுன்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கையில் எண் எழுதிய சீட்டு, நான் இரண்டு தடவை அவளைக் கடந்து போனேன், இரண்டு தடவையும் எழுந்து நின்றாள், உட்காரும்மா என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை, ஏன் வரவில்லை, நானா தொலைத்தேன், என் கம்ப்யூட்டரில் 73939313 என்ற எண் வந்து சேரவே இல்லை, வராததை எப்படித் தொலைப்பது?

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பென்சில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், எனக்காகத்தான் நின்றார், பெட்டிகளில் எண் எழுதுவது முப்பது வருடமாக அவர் வேலை, காதில் எப்போதும் பென்சில், வீட்டில் தூங்கும்போதும் இருக்கும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் நோட்டில் 73939313 எழுதி அனுப்பியதாக இருக்கிறது, என் கம்ப்யூட்டரில் வரவில்லை என்று இருக்கிறது, ஆக இரண்டு பேரில் ஒருவர், டாக்டருடைய கணக்கு அவ்வளவுதான், நான் போடாவிட்டால் தாள் அவரிடம் போகும், நாலு மாதத்தில் ஓய்வு பெறப்போகிற மனிதருக்கு மாலைக்குப் பதில் விசாரணை.

"நீ போடாதம்மா, நான் போட்டுடறேன். எனக்கு இன்னும் நாலு மாசம்தானே, எப்படியோ ஓடிடும்."

"நீங்க எழுதி அனுப்பினது நிஜம்தானே அண்ணே?"

"நிஜம்தான்."

"அப்புறம் எதுக்குப் போடறீங்க?"

காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இந்த நல்லவர்களால்தான் உலகத்தில் இத்தனை தாளில் கையெழுத்து விழுகிறது, செய்யாததற்குப் போடுவது தியாகமா, பொய் இல்லையா... அவர் இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம், நோட்டில் ஒன்று, பெட்டியில் ஒன்று, மனிதர்தானே, அதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், ஆனால் என் பக்கம் தப்பில்லை என்பதை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவரைத் தாண்டி இறங்கினேன், பின்னால் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்கவில்லை.

எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம் என்று டாக்டர் கேட்டார், நான் சொன்ன பதிலைக் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பை மறைக்கத்தான், எனக்குத் தெரியாதா. சொன்னது இதுதான், எந்த எண் என் கைக்கு வந்தாலும் நான் அதை ஏழால் வகுத்துப் பார்ப்பேன், பழக்கம், சிலருக்கு வெற்றிலை, சிலருக்கு நகம் கடிப்பது, எனக்கு ஏழு. மூன்றால் வகுபடுமா என்பது இலக்கங்களைக் கூட்டினாலே தெரிந்துவிடும், ஐந்துக்குக் கடைசி இலக்கம் போதும், ஏழுதான் முகத்தைப் பார்த்ததும் சொல்லாது, உட்கார வைத்துப் பேச வேண்டும். 73939313 ஏழால் வகுபடும், இப்போதும் படியிறங்கிக்கொண்டே சொல்கிறேன், ஏழில் ஒன்று, மூன்றில் சுழி, முப்பத்தொன்பதில் ஐந்து மீதி நான்கு, நாற்பத்து மூன்றில் ஆறு மீதி ஒன்று, பத்தொன்பதில் இரண்டு மீதி ஐந்து, ஐம்பத்து மூன்றில் ஏழு மீதி நான்கு, நாற்பத்தொன்றில் ஐந்து மீதி ஆறு, அறுபத்து மூன்றில் ஒன்பது, மீதி இல்லை. இப்படி ஓர் எண் கைக்கு வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், இன்று காலை சீட்டில் பார்க்கும்வரை இதை நான் பார்த்ததே இல்லை, சத்தியம். கணக்குப் படித்தவங்களைக் கீழே வெச்சது எங்க தப்பு என்றார் டாக்டர், வேடிக்கையாகச் சொன்னாராம்.

கீழே வைத்தது உங்கள் தப்புதான் டாக்டர், ஆனால் வைத்தீர்கள், முதலில் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை இருந்தது, அதை எடுத்தீர்கள், உதவிக்கு ஒருத்தி இருந்தாள், அவளை எடுத்தீர்கள், பிறகு பதவிப் பெயரில் இருந்த 'முதுநிலை'யை எடுத்தீர்கள், போன வருடம் அறையின் இரண்டு சாவியில் ஒன்றை எடுத்தீர்கள், ஒவ்வொரு தடவையும் நான் என் எண்ணை நினைத்துக்கொண்டேன், ஆமாம், எனக்கென்று ஓர் எண் உண்டு, 73939133, ஒன்றாலும் தன்னாலும் தவிர எதாலும் வகுபடாத பகா எண், அதில் என்ன அதிசயம், பகா எண்ணுக்கு முடிவே கிடையாது என்பார்கள், இருங்கள், கட்டைவிரலால் கடைசி இலக்கத்தை மூடுங்கள், 7393913, அதுவும் பகா எண், இன்னொன்றை வெட்டுங்கள், 739391, வகுபடாது, 73939, வகுபடாது, 7393, 739, 73, கடைசியில் ஒற்றை 7, எத்தனை வெட்டினாலும் மிச்சமிருப்பது வளைந்து கொடுக்காது. இந்த ஜாதியில் இதைவிடப் பெரிய எண் இல்லை, வலப்பக்கம் இன்னோர் இலக்கம் சேர்த்துப் பாருங்களேன், இரட்டை இலக்கமும் ஐந்தும் சேர்த்த உடனே விழும், ஒன்றும் ஏழும் சேர்த்தால் மூன்றால் வகுபட்டுவிடும், மூன்றும் ஒன்பதும்தான் கல்லூரியில் படிக்கும்போது எனக்குத் தண்ணி காட்டின, கடைசியில் அவையும் உடைந்தன, இதற்கு மேல் வளரவும் விடாது, குறைத்தாலும் கெடாது, அப்படி ஒரு பிறவி. கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம் சொன்னேன், முழுதாகக் கேட்டுவிட்டு, இதுக்கு நீ என்னைவிட நல்ல மாப்பிள்ளையா பார்த்திருக்கே என்றார், பாவம், நல்ல மனுஷன்தான், அன்றோடு அவரிடம் எண்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

அடித்தளம், சாவி, விளக்கு, எத்தனை விளக்கு போட்டாலும் இந்த அறைக்கு வெளிச்சம் போதாது, மெழுகு உருகாமலிருக்க ஏசி எப்போதும் பதினெட்டில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிற ஒரே பைத்தியம் நான்தான். அலமாரிக்கு அலமாரி சின்னச் சின்ன இழுப்பறை, நூலகத்தில் அட்டை வைக்கிற மாதிரி, எண் வரிசைப்படி. ஓர் எண்ணை உள்ளே ஏற்றும்போது கம்ப்யூட்டர் ஒரு சோதனை செய்யும், எட்டு இலக்கத்தையும் கூட்டி ஒன்பதால் வகுத்து வரும் மீதியைப் பெட்டியின் ஓரத்தில் எழுதியிருப்பதோடு ஒப்பிடும், ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு, தப்பு நடக்கவே முடியாது என்று சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். பதினோரு வருடத்துக்கு முன்பே நான் மனு எழுதினேன், ஐயா, இலக்கம் ஒன்று தப்பாக விழுந்தால் இது அநேகமாகப் பிடித்துவிடும், ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்தால் பிடிக்காது, கூட்டுத்தொகை அதேதானே, ஆட்கள் நாற்காலி மாற்றி உட்கார்ந்தால் தலை எண்ணுகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று, பதில் வந்ததா, வந்தது, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு வரி. அதே ஓட்டை வழியாகத்தான் இன்றைக்கு ஒருத்தியின் கழுத்து காணாமல் போயிருக்கிறது, என் மேல் தப்பாம்.

அதனால்தான் காலையில் வந்ததும் முதல் வேலையாக அண்ணன் எப்படி இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று பட்டியல் போட்டேன், யார் சொல்லியும் அல்ல, நானாக, 73939313இல் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் ஏழு ஜோடி, ஆக ஏழு விதமாக மாறலாம், முப்பத்தேழில் ஆரம்பிக்கும் ஒன்று பல வருடத்துக்கு முந்தியது, அந்த இழுப்பறையில் நான் வைத்த பழைய பிளாக்கே இருந்தது, எழுபத்தொன்பதில் ஆரம்பிப்பது இன்னும் பிறக்கவே இல்லை, மற்றவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இருக்க வேண்டியது இருந்தது, இல்லாதது இல்லை, ஆறு எண்ணையும் அடித்துவிட்டேன். ஆறுதான், ஏழாவதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை, ஏனென்றால் அது 73939133, அது என்னுடையது, அது வந்த நாளை நான் மறப்பேனா... எண்களை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து அனுப்புகிறார்கள், எந்த ஐம்பது எங்கே போகும் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், வரிசை எழுபத்து மூன்றரைக் கோடி... இல்லை, ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்தை நெருங்கும்போது எனக்குத் தூக்கம் போய்விட்டது, நம் பக்கம் வருமா, வேறெங்கோ போய்விடுமா, அத்தனை ஆஸ்பத்திரியில் இங்கே ஏன் வரவேண்டும், ஆனால் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றரை, தட்டில் நாற்பத்தெட்டு பெட்டி, மூன்றாவது வரிசை, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தொட்டேன், செய்யக்கூடாது, செய்தேன், அன்று சாயங்காலம் வீட்டுக்கு இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன், என்ன விசேஷம் என்றார், சும்மாதான் என்றேன், இந்த வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எந்த நாளும் இருந்ததில்லை.

மூன்றாவது வரிசை, ஒவ்வொன்றாக எனக்கு நினைவிருக்கிறது, கவனக்குறைவு என்று எழுதிய ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி ஒப்பித்துக் காட்ட வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள், 73939310, பத்தால் வகுபடும், உப்புச் சப்பில்லாதது, 73939311, இலக்கங்கள் கூட்டினால் முப்பத்தாறு, ஒன்பதால் வகுபடும், 73939312, இரட்டை, ஏழால் வகுத்தால் மீதி ஆறு, அதற்குப் பக்கத்தில் அது, என் ராஜா, அதை வகுத்துக்கூடப் பார்க்கவில்லை, அதைப் போய் யாராவது வகுப்பார்களா, அதற்குப் பக்கத்தில் 73939314, இரட்டை, மீதி ஒன்று, 73939315, ஐந்தால்... பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அது, பதினான்கு, பதினைந்து. இன்னொரு தடவை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு... மீதி ஆறுக்கு அடுத்தது என்ன, மீதி ஒன்றுக்கு முந்தியது என்ன, முன்னூற்றுப் பதிமூன்றுக்கு உரிய இடத்தில் நூற்று முப்பத்து மூன்று எப்படி வந்து உட்காரும், எந்த வழியாக வரும்? கம்ப்யூட்டரில் கேட்டால் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் காட்டும், அங்கே தெரியாது, தட்டில்தான் தெரியும், தட்டு என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

இல்லை, இருக்காது, அண்ணன் வரிசை மாற்றி அடுக்கியிருக்கலாம், அடுக்க மாட்டார், முப்பது வருடத்தில் அவர் வரிசை மாற்றி அடுக்கியதே இல்லை, எனக்குத் தெரியும். பத்தொன்பதாவது அலமாரி, நடு வரிசை, இழுப்பறையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன், திறக்காவிட்டால் என்ன, திறக்காவிட்டால் நான் சொன்னது சொன்னதுதான், யாராலும் என்னை அசைக்க முடியாது, அந்த மனிதர் கையெழுத்துப் போடுவார், நாலு மாதம் ஓடிவிடும், அவளுக்கு மறுபடியும் கழுத்தை... சீ, என்ன நினைப்பு இது. இழுத்தேன். பெட்டி இருந்தது, வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தேன், 73939133, தெளிவாக, அண்ணனுடைய குண்டு எழுத்தில், பார்த்தாயா, அப்பாடா என்று மூச்சு விட்டேன், விட்ட பிறகுதான் ஏதோ உறுத்த, விரல் நகத்தை ஒவ்வோர் இலக்கத்தின் கீழும் வைத்து நகர்த்தினேன், ஏழு, மூன்று, ஒன்பது, மூன்று, ஒன்பது, மூன்று... நகம் நின்றது, மூன்று, பிறகு ஒன்று, பிறகு மூன்று. நகத்தை எடுத்தேன், கண் மறுபடியும் 133 என்றது. நகத்தை வைத்தேன், 313. என் எண் இங்கே வரவே இல்லை, வேறு ஏதோ ஆஸ்பத்திரியில் யாரோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே தள்ளியிருப்பார்கள்.

பதினொன்று நாற்பது. கவனக்குறைவு என்று மட்டும் போட மாட்டேன், இப்போதும் மாட்டேன், இந்த அறைக்கு வந்த லட்சக்கணக்கான பெட்டிகளில் எதையும் இதைப்போல நான் கவனித்ததில்லை, தொலைக்கவும் இல்லை, வேறு தாள் எடுத்து என் கையாலேயே எழுதுகிறேன், எண்ணைத் தப்பாகப் படித்தேன், தப்பான இடத்தில் வைத்தேன், அண்ணனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று, அதற்குக் கீழே இடம் மாறுவதைப் பிடிக்காத அந்தச் சோதனையைப் பற்றியும் எழுதுவேன், பதினோரு வருடம் கழித்து இன்னொரு தடவை, சிரித்தால் சிரிக்கட்டும். பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே போனேன், முதலில் டாக்டரிடம் போயிருக்க வேண்டும், கால் கவுன்டர் பக்கம் திரும்பியது, அவள் எழுந்து நின்றாள், என் வயதில் பாதிகூட இருக்காது, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாள். கையை நீட்டிக் காட்டினேன், அவள் தொடவில்லை, குனிந்து சீட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஒரே மூச்சில் படித்தாள்.

"ஏழு மூணு ஒம்பது மூணு ஒம்பது மூணு ஒண்ணு மூணு. இதுதான் மேடம், எங்கக்காவோடதுதான்."

நகம் வைக்கவில்லை, தயங்கவில்லை, எட்டு இலக்கம், எட்டும் அதனதன் இடத்தில், அவளுக்கு அதில் வேண்டியது அக்கா மட்டும்தான். எங்கே இருந்தது என்று கேட்டாள், குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, சும்மா, தெரிந்துகொள்ள.

"நான் வெச்ச இடத்துலதான் இருந்துச்சு," என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள், நான் படியேறினேன், இந்தத் தடவை படிகளை எண்ணவில்லை, ஏனென்றால் வேறொன்றை எண்ண ஆரம்பித்திருந்தேன், வகுத்துப் பார்க்காமல் நான் உள்ளே வைத்த எண்கள், முகத்தைப் பார்த்ததுமே பிடித்துப்போய், அழகாக இருக்கிறதே என்று அப்படியே எழுதி வைத்தவை, இந்தப் பத்தொன்பது வருடத்தில், கீழே, யாரும் இன்னும் வந்து கேட்காததால் தொலையாமல் இருப்பவை, போன மாதம் ஒன்று, அதற்கு முந்தி மழைக்காலத்தில் இரண்டு, அதற்கும் முந்தி...